மணக்குடிச் சேற்றையும் சோதிக்க வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் ஒரு குப்பித் தண்ணீர் எடுத்து, அமில காரத் தன்மையும் கரைந்த ஆக்சிஜனும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று எழுதினால், அங்கே சேற்றில் மேயும் உள்ளான் என்ற சின்னப் பறவைக்கும் பரவாயில்லை என்று ஆகிவிடாது. அதன் இரை இருப்பது சேற்றின் மேல் சில சென்டிமீட்டரில். பூச்சிமருந்தும் உலோகமும் போய் ஒட்டிக்கொள்வதும் அதே மெல்லிய களிமண்ணில்தான். அமெரிக்காவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வகை உள்ளான்களின் எச்சத்தைச் சோதித்தபோது, அவை விழுங்கியதில் 7 முதல் 30 சதவீதம் வரை மண்ணாகவே இருந்தது. புழுவில் நஞ்சே இல்லாவிட்டாலும் மண் வழியாக உள்ளே போகும்.

2024 அக்டோபரில் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்பு' நிலைக்குத் தள்ளப்பட்டன. சைபீரியத் துருவச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கடற்கரைக்கு வருபவை இவை. சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் பழையாற்றோடு கடைசியில் சேருவது மணக்குடியில்.

பழையாறு நாகர்கோவில் சாக்கடையையும் நாஞ்சில் நாட்டு வயல் வடிகாலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் நடவும் பறவை வரத்தும் ஏறக்குறைய ஒரே காலம். வயலில் தூவும் கார்போபியூரான் என்ற பூச்சிமருந்துக் குருணையில் ஒன்றே ஒன்று போதும், ஒரு சின்னப் பறவை செத்துப்போக. விதை என்றோ சிறு கல் என்றோ நினைத்துக் கொத்திவிடும். மழை பெய்தால் மிச்சம் ஆற்றுக்குப் போகும். பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாய், மணலால் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் வந்ததெல்லாம் காயலிலேயே தங்கும். நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவதும் ஒரு மீட்டருக்குள்தான். கழுவிக்கொண்டு போகப் போதாது.

கயிறு திரிக்கக் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, அழுகப்போடும் இடங்களில் சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு. அங்கே புழுக்கள் நிற்காது, பறவைக்கு இரை போய்விடும். காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், பாதரசம் வந்து சேர்ந்தால், அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். இரை வழியாக ஏறிக்கொண்டே போகும் வடிவம் அது. இதற்காகக் கதம்பல் தொழிலாளியைக் குற்றவாளியாக்குவது அநியாயம். பச்சைக் கதம்பலை இயந்திரத்தில் அடித்து நார் பிரிக்க வசதி செய்து கொடுத்துவிட்டு அப்புறம் பேசலாம்.

மார்ச், ஏப்ரலில், ஊர் திரும்பும் முன், இந்தப் பறவைகள் வயிறு முட்டத் தின்று கொழுப்பு ஏற்றும். கொழுப்பில் கரையும் நஞ்சும் கூடவே சேரும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கையில் கொழுப்பு எரிய எரிய, அந்த நஞ்சு ரத்தத்தில் இறங்கும். அந்தச் சாவு இங்கே நடக்காது. அதனால்தான் "இங்கே ஒன்றும் சாகவில்லையே" என்பதை ஒரு பதிலாகவே ஏற்க முடியாது.

சேற்றைச் சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பறவை மேயும் இடத்தில் நீர் வடிந்திருக்கும்போது, மேல் 2 சென்டிமீட்டரை ஐந்து இடங்களில் வழித்துக் கலக்க வேண்டும். உலோகச் சோதனைக்குப் பிளாஸ்டிக் கரண்டி. பூச்சிமருந்துக்கு எவர்சில்வர் கரண்டி, கண்ணாடிக் குப்பி. இரண்டையும் மாற்றிப் பிடித்தால் கருவியின் அழுக்கே முடிவில் வந்து நிற்கும். ஐஸ் பெட்டியில் வைத்தே ஆய்வகம் போகவேண்டும். உலோகத்துக்கு 63 மைக்ரான் சல்லடையில் சலித்த மெல்லிய மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் கலந்தால் அளவு குறைவாகக் காட்டும், ஏமாந்துபோவோம். செப்டம்பரில் ஒரு முறை, மார்ச் கடைசியில் ஒரு முறை, அதே இடங்களில். பக்கத்துப் புத்தளம் உப்பளத்தையும் விட்டுவிடக் கூடாது. காயல் நீர் வற்ற வற்ற அதில் கரைந்திருப்பதும் செறிவாகும்.

செத்த பறவைகள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று கிடந்தால் கையால் தொடாதீர்கள், புதைக்காதீர்கள். இடம், நேரம், எண்ணிக்கை குறித்து, படம் எடுத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உடலை அலுமினியத் தாளில் சுற்றி உறையவைக்க வேண்டியது அவர்கள் வேலை. பார்மலினில் போடவேண்டாம் என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள். போட்டுவிட்டால் மூளையில் கோலினெஸ்டரேஸ் நொதியை அளக்க முடியாது. பூச்சிமருந்துதான் கொன்றதா என்று சொல்லக்கூடிய முக்கியமான சோதனை அது.