பேரை மறைச்சவங்கள யாரும் கேக்கலயே

தாத்தா நிலத்துல பங்கு கேட்டு கோர்ட்டுக்குப் போன அத்தைய ஞாயித்துக்கிழமை காதுகுத்துல "கேஸ்காரி"ன்னு சொன்னது எல்லாருக்கும் தெரியும், பந்தில உக்காந்திருந்த அத்தனை பேர் காதுலயும் விழுந்துச்சு, ஒருத்தர் கூட வாயத் திறக்கல. அதனால நான் எழுதுறேன்.

தாத்தா போனப்புறம் வாரிசு சர்டிபிகேட்டுக்கு மனு குடுத்தப்ப ரெண்டு மகன்கள் மட்டும்தான் வாரிசுன்னு எழுதிக் குடுத்தது யாரு? மகளே இல்லன்னு எழுதிக் குடுத்தவங்க குடும்பத்த பிரிக்கலயாம், நானும் மகதான்னு கோர்ட்டுக்குப் போனவங்க பிரிச்சுட்டாங்களாம். ஊருக்கே தெரிஞ்ச பொண்ணு, விசாரணைல அது எப்படி தெரியாமப் போச்சு?

"அத்தைக்கு கல்யாணம் 89க்கு முன்னாடியே ஆயிடுச்சு, பங்கு கிடையாது"ன்னு ஒரு சட்டம் பேசுறாங்க. அந்த 1989 கணக்கு, தமிழ்நாட்டுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆன மகளுக்குப் பங்கு இல்லங்கறது, பூர்வீக சொத்துக்கு மட்டும்தான், அதையும் 2005 சட்டத் திருத்தம் எடுத்துருச்சு, அந்த மகளோட அப்பா 2005ல உயிரோட இருக்கணும்னு கூட அவசியம் இல்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. நம்ம விஷயத்துல அவ்ளோ தூரமே போக வேண்டாம். இது தாத்தா சொந்தக் காசுல கிரயம் வாங்குன நிலம், உயில் எழுதல. அப்படி இருந்தா மகனுக்கும் மகளுக்கும் சம பங்குன்னு 1956லயே சட்டம் வந்தாச்சு. பட்டா மாறிடுச்சேங்கறீங்க. பட்டா மாறுனா உரிமையே மாறிடுமா?

நகை போட்டோம், சீர் செஞ்சோம்பீங்க. மகன்களுக்கும்தான் படிக்க வச்சாரு, கடை வச்சுக் குடுத்தாரு, அதுக்கு யாராவது பங்குல கழிச்சாங்களா? பெரியப்பா தாத்தாவ கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டாரு, அது நிஜம், நான் மறுக்கல. ஆனா ஆஸ்பத்திரில ராத்திரி முழுக்க கூட இருந்தது அத்தை, அத யாரும் கணக்குல சேக்கறதே இல்ல.

எனக்கு இது ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா எங்கம்மாவுக்கும் இதேதான் நடந்துச்சு. "பட்டா மாத்தணும்மா, ஒரு கையெழுத்து"ன்னு மாமா ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு, அம்மா படிச்சுப் பாக்காம போட்டாங்க, கூடப்பொறந்தவன் கிட்ட யாராவது பத்திரத்த வாங்கிப் படிப்பாங்களா சொல்லுங்க. வருஷங்கள் கழிச்சு வில்லங்கம் போட்டுப் பாத்தப்பதான் அது விடுதலைப் பத்திரம்னு தெரிஞ்சது, நகல் எடுத்துப் பாத்தா பணம் பெற்றுக்கொண்டு பங்கை விட்டுக்கொடுத்ததா எழுதியிருக்கு, அம்மா கைக்கு ஒரு ரூபா வரல. அன்னைலேர்ந்து அம்மா பொறந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போறாங்க, ஆனா தங்குறது இல்ல, சாயங்கால பஸ்ஸப் புடிச்சு வந்துடுவாங்க.

பொண்ணுக்கும் சம சொத்துன்னு 1929ல செங்கல்பட்டு மாநாட்டுல தீர்மானம் போட்ட ஊருங்க இது. நூறு வருஷம் ஆகப் போகுது, இன்னும் பங்கு கேட்டா பேராசக்காரியா?

"உனக்கென்ன இவ்ளோ அக்கறை"ன்னு கேக்குறவங்களுக்கு: அத்தை ஜெயிச்சா ரெண்டா பிரிச்சது மூணா பிரியும், எங்க வீட்டுப் பங்கும்தான் குறையும். அந்த மனுவுல எங்கப்பா கையெழுத்தும் இருக்கு. தெரிஞ்சுதான் எழுதுறேன். அப்பா இத படிச்சுட்டு என்கூட பேசாம இருந்தாலும் பரவால்ல.

சமாதானம் பேச வர்ற பெரியவங்க வெத்தல பாக்கோட வர வேண்டாம். அத்தை பேரையும் சேத்து வாரிசு சர்டிபிகேட் திருத்தச் சொல்லி ஒரு மனு எழுதி, பெரியப்பாவும் அப்பாவும் கையெழுத்து போட்டு எடுத்துட்டு வாங்க. அது வரைக்கும் அத்தை கேஸ வாபஸ் வாங்க மாட்டாங்க, அடுத்த வாய்தாவுக்கு நானும் கூடப் போறேன்.