ஓசிடி ஸ்கேனில் எக்ஸ்ரே கிடையாது

கண்ணுக்கு எடுக்கும் ஓசிடி ஸ்கேனும் சிடி ஸ்கேன் மாதிரி கதிர்வீச்சுதான், சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி எடுத்தால் ஆபத்து என்று இங்கே ஒருவர் பகிர்ந்திருக்கிறார். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் இது சுற்றுகிறது. தகவல் சரியல்லங்க.

ஓசிடி (ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி) 1991இல் அறிமுகமான முறை. குறைந்த அளவு அகச்சிவப்பு ஒளியை விழித்திரைமீது செலுத்தி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பி வரும் ஒளியைக் கொண்டு குறுக்குவெட்டுப் படம் எடுக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாற்றம்கூடத் தெரியும். சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்தால், பார்வை மங்கும் முன்பே இதில் தெரிந்துவிடலாம். மருத்துவர் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். பயந்துபோய் யாராவது தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்பதே என் கவலை.

நீங்களே சரிபார்க்கலாம். தஞ்சாவூரோ திருவாரூரோ, எக்ஸ்ரே, சிடி அறைக் கதவில் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம் இருக்கும். ஓசிடிக்கு அது தேவையில்லை. கருவியை இயக்குபவர் ஈயக் கவசம் எதுவும் இல்லாமல் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அப்புறம், கருவியின் கையேட்டில் ஒளியின் அலைநீளத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் 800 முதல் 1,100 நானோமீட்டருக்குள் இருக்கும். எக்ஸ்ரே என்றால் 10 நானோமீட்டருக்கும் கீழே.