சாய்மேசைக்கு உதடு வேண்டுமா?

(ஊர் நூலகத்தின் பின்கட்டு. கூட்ட அரங்கில் இருந்த பழைய பேச்சாளர் மேசை மல்லாந்து கிடக்கிறது. அதன் வயிற்றுக்குள் தலையை விட்டிருப்பவர் ஆசாரியார். மடித்த குடையும் ஜோல்னாப் பையுமாக எதிரில் நிற்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வாசகர் வட்டத்தின் செயலாளர். ஊரில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான், அவரிடம் படிக்காமல் தப்பித்தவர்களுக்கும்.)

ஆசாரியார்: ஐயா, இந்தப் போடியத்துக்கு இனிமேல் வைத்தியம் கிடையாது. காரியம்தான்.

வாத்தியார்: போடியம் என்று சொல்லாதீர்கள்.

ஆசாரியார்: நீங்கள்தானே சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள், 'போடியம் பழுது பார்க்க' என்று?

வாத்தியார்: அது பொருளாளருக்குப் புரியவேண்டும் என்பதற்காக. உங்களிடமாவது சரியாகச் சொல்லவேண்டாமா? கிரேக்க மொழியில் பாதத்தைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது போடியம். ஆள் ஏறி நிற்கிற மேடைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். காகிதத்தை வைத்துப் படிக்கிற மேசைக்கு லெக்டர்ன் என்று பெயர். அது லத்தீனில் படிப்பதைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. நாம் அழகாகச் சாய்மேசை என்று சொல்லலாம்.

ஆசாரியார்: யார் சாய்வதற்கு?

வாத்தியார்: காகிதம் சாய்வதற்கு.

ஆசாரியார்: அதைப் பேச்சாளர்களிடம் யாரும் சொல்லவில்லை. போன பொங்கல் பட்டிமன்றத்தில் நடுவர் இதன்மேல் முக்கால்வாசி படுத்துக்கொண்டுதான் தீர்ப்புச் சொன்னார். முன்கால் அன்றைக்கே பொருத்தை விட்டுக் கழன்றுவிட்டது.

வாத்தியார்: தீர்ப்பும் ஒரு பக்கமாகத்தான் சாய்ந்தது.

ஆசாரியார்: இப்படி வந்து பாருங்கள். மேல்பலகையில் வலது பக்கம் ஒரு குழி தெரிகிறதா? உளி வைத்து எடுத்த குழி இல்லை இது. முஷ்டி. இருபது வருடமாக 'இதுதானா ஜனநாயகம்?' என்று கேட்டு ஒரே இடத்தில் குத்தியிருக்கிறார்கள். இடது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வாத்தியார்: நம் ஊரில் இடதுகைப் பேச்சாளர் யாரும் இல்லை.

ஆசாரியார்: இருந்தும் அவர்களுக்கு ஜனநாயகத்தில் குறை இல்லாமல் இருக்கலாம். அது கிடக்கட்டும். இந்த இரண்டு பக்கத்து ஓரக்கட்டைகளையும் தொட்டுப் பாருங்கள்.

வாத்தியார்: (தொடாமல்) அதில் என்ன?

ஆசாரியார்: நான் இழைப்புளி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மெழுகு ஏற்றினாலும் இந்த வழுவழுப்பு வராது. பயந்தவர்கள் பிடித்துக்கொண்ட இடம் ஐயா. வேர்வை இறங்கி இறங்கித் தேக்கே கறுத்துப்போயிருக்கிறது. அதுவும் பல பேருடைய கை இல்லை. யாரோ ஒருவருடைய கை. இதோ கட்டைவிரல், இதோ மற்ற நான்கு விரல்கள். எத்தனையோ வருடமாக அதே ஆள் வந்து அதே இடத்தைப் பிடித்திருக்கிறார்.

வாத்தியார்: (குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு) உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஆசாரியார்: கிடக்காமலா? (ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார்) ஒரு காது இல்லாத மூக்குக்கண்ணாடி. பாதி கடித்த தேன்குழல். மூன்று பேனா மூடிகள், பேனா ஒன்றுகூட இல்லை. ஒரு பொன்னாடை, விலைச்சீட்டோடு.

வாத்தியார்: அடடா! ஆண்டு விழாவில் காணாமல்போன பொன்னாடை! அதைத் தேடிக் கிடைக்காமல் சிறப்பு விருந்தினருக்கு மேசைவிரிப்பைப் போர்த்தினோம்.

ஆசாரியார்: அவர் ஒன்றும் சொல்லவில்லையா?

வாத்தியார்: வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

ஆசாரியார்: கடைசியாக ஓர் எலிக்கூடு. பேச்சுக் காகிதங்களைக் கடித்துக் கட்டியிருக்கிறது. தலைமையுரையைத் தின்றிருக்கிறது. வாழ்த்துரையைத் தின்றிருக்கிறது. நன்றியுரையில் ஒரு வரி மிச்சமில்லை. வரவேற்புரையை மட்டும் ஒரு பல்கூடப் படாமல் விட்டுவைத்திருக்கிறது.

வாத்தியார்: வரவேற்புரை நான் எழுதியது.

ஆசாரியார்: அதனால்தான் மரியாதையாக விட்டிருக்கிறது.

(வாத்தியார் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கிறார். 'இன்று நம்மிடையே வருகை தந்திருக்கும்' என்பதற்குப் பிறகு பெயர் எழுத ஒரு கோடு விட்டிருக்கிறது. கோட்டின்மேல் பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்துக் காகிதம் அங்கே மட்டும் ஓட்டையாகிவிட்டது. அவர் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.)

வாத்தியார்: சரி, புதிதாகவே செய்துவிடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பழைய மேசை எல்லாரையும் பேசவைத்தது போதும். புதிய மேசை அவர்களை நிறுத்தவேண்டும். பத்தே நிமிடத்தில்.

ஆசாரியார்: நான் தச்சன் ஐயா. நீங்கள் கேட்பது போலீஸ் வேலை.

வாத்தியார்: ஏன் முடியாது? கருவி வைத்து நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். பழைய ஏதென்ஸ் நீதிமன்றங்களில் தண்ணீர்க் கடிகாரம் இருந்தது. பானையின் அடிப்பக்கத்தில் ஓட்டை. தண்ணீர் ஒழுகித் தீர்ந்தால் வழக்காடுபவரின் நேரம் தீர்ந்தது. நம்மிடமும் நாழிகை வட்டில் இருந்தது. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம்.

ஆசாரியார்: பானையில் தண்ணீர் வைத்தால் நம் ஆட்கள் அதையும் குடித்துவிட்டு, தொண்டை நனைந்த தெம்பில் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

வாத்தியார்: ஏதென்ஸில் சில வழக்குகளில், ஆவணத்தை வாசித்துக் காட்டும்போது மட்டும் அந்த ஓட்டையை அடைத்துவைப்பார்கள். அந்த நேரம் கணக்கில் சேராது.

ஆசாரியார்: இங்கே சிறப்பு விருந்தினரின் கார் தெருமுனையில் திரும்பும்போதே அடைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். வேண்டாம், மரம் ஊறிப்போகும்.

வாத்தியார்: உயரத்தை வைத்து ஏதாவது செய்யமுடியுமா?

ஆசாரியார்: வழக்கமாக 45 அங்குலம் வைப்பேன். பேசுகிறவருக்கு முழங்கையை ஒட்டி வரவேண்டும். உங்களுக்கு... (அளவு நாடாவை நீட்டி, வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்து) 40 போதும்.

வாத்தியார்: என்னை ஏன் அளக்கிறீர்கள்? நான் பேச்சாளன் இல்லை. வரவேற்பதோடு சரி.

ஆசாரியார்: இல்லையென்றால் ஒரேயடியாக 55 வைத்துவிடுவோம். தன் முகம் கூட்டத்துக்குத் தெரியாது என்றால் யாருக்கும் பேசப் பிடிக்காது.

வாத்தியார்: அதையும் பார்த்தாகிவிட்டது. 1991 மே மாதம் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் வெள்ளை மாளிகைக்குப் போனார். அப்போது அதிபர் ஜார்ஜ் புஷ், அதே பெயருள்ள அப்பா, மகன் இருவரில் அப்பா. 6 அடி 2 அங்குலம். மேசை அவருடைய உயரத்துக்கு இருந்தது. ராணிக்கு அடியில் ஒரு படி வைத்திருக்கவேண்டும், மறந்துவிட்டார்கள். கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் மைக்குகளும், அவற்றுக்குப் பின்னால் ஒரு தொப்பியும்தான்.

ஆசாரியார்: தொப்பி பாதியில் நிறுத்திக்கொண்டதா?

வாத்தியார்: முழுவதும் பேசியது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேச வந்தவர், இன்றைக்காவது நான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறேன் என்று நம்புகிறேன் என்கிற பொருளில்தான் ஆரம்பித்தார். சபையே சிரித்து ஆரவாரம் செய்தது.

ஆசாரியார்: அவ்வளவுதான், ஆளை மறைத்தால் கைதட்டல் கூடுகிறது. அந்த யோசனையை விடுங்கள். நேர்மாறாகப் போவோம். மண்டபங்களில் இப்போது கண்ணாடி போன்ற அக்ரிலிக் மேசை வைக்கிறார்கள். மரமேசை என்றால் இடுப்புக்குக் கீழே நடப்பதை யாரும் பார்க்கமுடியாது. அக்ரிலிக்கில் முழங்கால் ஆடுவது கடைசி வரிசை வரைக்கும் தெரியும். வேட்டி கட்டியவர் என்றால் நான்கு முழமும் சேர்ந்து ஆடும். மூன்று நிமிடத்தில் இறங்கி ஓடிவிடுவார்.

வாத்தியார்: (அவசரமாக) அதெல்லாம் வேண்டாம். மரம்தான் மரபு.

ஆசாரியார்: உங்கள் வேட்டியைச் சொல்லவில்லை ஐயா.

வாத்தியார்: என் வேட்டி எட்டு முழம். மேலே சொல்லுங்கள்.

ஆசாரியார்: முகப்பில் என்ன செதுக்கட்டும்? தாமரை?

வாத்தியார்: கட்சிச் சின்னம்.

ஆசாரியார்: இலைக்கொடி?

வாத்தியார்: எத்தனை இலை என்று எண்ணுவார்கள்.

ஆசாரியார்: சூரியன் வேண்டாம், அது எனக்கே தெரிகிறது. மாம்பழம்? முரசு?

வாத்தியார்: ஆசாரியாரே, உங்களுக்குத் தெரிந்த சித்திரம் எல்லாம் வாக்குச்சீட்டிலிருந்து வந்ததா? தேவாலயங்களில் சாய்மேசையைக் கழுகு வடிவத்தில் செய்வதுண்டு. விரித்த சிறகின்மேல் வேதாகமத்தை வைத்துப் படிப்பார்கள். கழுகு, நற்செய்தி எழுதிய யோவானின் அடையாளம். ரோமாபுரிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கிறிஸ்துவுக்கு முன் 338-ல் எதிரியின் கப்பல்களைப் பிடித்து, அவற்றின் மூக்குகளை வெட்டிக் கொண்டுவந்து பேச்சு மேடையில் பதித்தார்கள். பேச்சு மேடைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ரோஸ்ட்ரம் என்கிற சொல்லே அந்தக் கப்பல் மூக்குதான்.

ஆசாரியார்: கப்பலைக் கவிழ்த்தவர்கள் ஏறிப் பேசுகிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. நீங்கள் சொன்ன கழுகு நல்ல யோசனை. எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?

வாத்தியார்: கூட்டத்தைப் பார்த்திருக்கும்.

ஆசாரியார்: பேச்சாளர் பக்கம் திருப்பி வைத்துவிடட்டுமா? மூக்கை மட்டும் கொஞ்சம் கூர்மையாகச் சீவி...

வாத்தியார்: கொலைப்பழி வந்துவிடும்.

ஆசாரியார்: என் பையன் செல்பேசியில் ஒரு மேசை காட்டினான். லண்டனில் பிரதமர் வீட்டு வாசலில் வைப்பது. ஒவ்வொரு பிரதமருக்கும் ஒவ்வொரு வடிவமாம். லிஸ் டிரஸ் என்று ஒரு அம்மையார் வந்தாரே, அவருக்குச் செய்ததில் கட்டைகளை அடுக்கிக்கொண்டே போய் அப்படியே முறுக்கிவிட்டது போல ஒரு தூண். யார் செய்தாரோ, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

வாத்தியார்: 2022-ல் அந்த அம்மையார் பதவியில் இருந்தது 49 நாள்.

ஆசாரியார்: மரம் காய்வதற்கே அத்தனை நாள் ஆகுமே! அப்படியானால் நீங்கள் தேடுகிற மேசை அதுதான் ஐயா. வந்தவர் எவ்வளவு சீக்கிரம் போய்விட்டார் பாருங்கள்.

வாத்தியார்: பதவியை விட்டுப் போனால் எனக்கென்ன? மைக்கை விட்டுப் போகவேண்டும்.

ஆசாரியார்: (சற்று நேரம் பென்சிலைக் காதில் செருகி, எடுத்து, மறுபடி செருகி) அப்படியானால் ஒரே வழிதான். உதடு.

வாத்தியார்: உதடா?

ஆசாரியார்: மேல்பலகையின் கீழ் ஓரத்தில் காகிதம் வழுக்காமல் தாங்குகிற சட்டம் இருக்கிறதல்லவா, என் பட்டறையில் அதை உதடு என்போம். அரை அங்குலம், முக்கால் அங்குலம் இருக்கும். அதை எடுத்துவிடுகிறேன். சாய்வு 15 டிகிரி வைக்கிற இடத்தில் 30 வைக்கிறேன். மேலே மைக்கா ஒட்டி மெழுகு தேய்த்துவிடுகிறேன். பேச்சாளர் காகிதத்தை வைப்பார், அது தரைக்குப் போகும். குனிந்து எடுத்து வைப்பார், மறுபடியும் போகும். மூன்றாம் தடவை குனியும்போது, போதும் என்று இடுப்பே சொல்லிவிடும்.

வாத்தியார்: பிரமாதம்! ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா வைத்துவிடலாம்.

ஆசாரியார்: அதில் முதலில் ஏறிப் பேசப்போவது யார்?

வாத்தியார்: முதலில் வருவது எப்போதும் வரவேற்புரைதானே? (பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுக்கிறார்) இந்தத் தடவை மிகவும் சுருக்கியிருக்கிறேன். 38 பக்கம்.

ஆசாரியார்: 38 பக்கம் வரவேற்றால் வந்தவர் எப்போது உள்ளே வருவார்?

வாத்தியார்: நீளத்தை இளக்காரமாகப் பேசாதீர்கள். நீளமான பேச்சு ஓர் உயிரையே காப்பாற்றியிருக்கிறது. 1912 அக்டோபர் 14, அமெரிக்காவில் மில்வாக்கி நகரம். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தேர்தல் கூட்டத்தில் பேசப் புறப்படுகிறார். ஒருவன் நெஞ்சுக்கு நேராகச் சுட்டுவிட்டான். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடும், 50 பக்கப் பேச்சும் மடித்து வைத்திருந்தார். குண்டின் வேகத்தை அவை இரண்டும்தான் குறைத்தன. இரண்டு பக்கப் பேச்சாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆசாரியார்: உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்களா?

வாத்தியார்: எங்கே போனார்? குண்டு உடம்புக்குள் இருக்க, இரத்தம் தோய்ந்த சட்டையோடு மேடை ஏறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார்.

ஆசாரியார்: (கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு) துப்பாக்கியால் சுட்டே நிறுத்த முடியவில்லை. என்னை மைக்கா ஒட்டி நிறுத்தச் சொல்கிறீர்கள்.

வாத்தியார்: முயன்றுதான் பார்ப்போமே.

ஆசாரியார்: சரி, இந்த மைக்காத் துண்டைச் சாய்த்துப் பிடிக்கிறேன். உங்கள் காகிதக் கட்டை இதன்மேல் வையுங்கள்.

(வைக்கிறார். 38 பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி, சிராய்த்தூளில் விசிறிபோல் விரிகின்றன. ஓரிரு பக்கங்கள் பின்கட்டு வாசலைத் தாண்டிப் போகின்றன. இருவரும் தவழ்ந்து பொறுக்குகிறார்கள்.)

ஆசாரியார்: இதில் எது முதல் பக்கம்? எண்ணே போடவில்லையே ஐயா?

வாத்தியார்: எண் எதற்கு? எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஆசாரியார்: மனப்பாடமா? அப்புறம் காகிதம் எதற்கு?

வாத்தியார்: மேசைமேல் வைப்பதற்கு.

ஆசாரியார்: மேசை எதற்கு?

(வாத்தியார் பதில் சொல்லாமல் எழுந்து நிற்க முயல்கிறார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கிடக்கிற பழைய மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு எழுகிறார். கட்டைவிரல்கள் இரண்டும், மற்ற விரல்களும், கறுத்த தடங்களில் அச்சுப்போல் போய் உட்காருகின்றன. ஆசாரியார் அதைப் பார்க்கிறார். ஆசாரியார் பார்த்ததை வாத்தியாரும் பார்க்கிறார்.)

வாத்தியார்: 22 வருடம் ஆகிறது. இன்னும் முதல் வரி வரும்வரைக்கும்...

ஆசாரியார்: (பென்சிலை எடுத்து ஒரு துண்டுப் பலகையில் எழுதிக்கொண்டே) உயரம் 40. சாய்வு 15. ஓரக்கட்டை இரண்டும் பழையதையே கழற்றிப் புதிதில் வைத்துவிடுகிறேன், தேக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

வாத்தியார்: உதடு?

ஆசாரியார்: முக்கால் அங்குலம்.