தாமதம் முழுவதும் ஆணையத்தின் கணக்கில் சேராது
அணு எரிபொருள் கலங்களுக்கான சான்றிதழ் தாமதமாவதற்கு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தையே குறைசொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். ஆணையம் விண்ணப்பங்களை வந்த வரிசைப்படி எடுப்பதில்லை என்று அது குறைப்பட்டுக்கொள்கிறது. பயன்படுத்திய எரிபொருளை வைக்கும் நீர்க்குளம் நிரம்பி, அதை உலர் கலத்துக்கு, அதாவது நீரில்லாமல் சேமிக்கும் கொள்கலனுக்கு, மாற்றியே ஆகவேண்டிய உலையும், புதுக் கல வடிவமைப்புக்குச் சான்றிதழ் கேட்கும் நிறுவனமும் ஒரே வரிசையில் நிற்க முடியுமா?

சான்றிதழ் காலாவதியாகிவிடும் என்று கட்டுரை காட்டும் பயமும் கொஞ்சம் மிகை. எரிபொருளை எடுத்துச்செல்லும் போக்குவரத்துக் கலத்தின் சான்றிதழ் முடிய 30 நாளாவது இருக்கும்போதே புதுப்பிக்க முறையாக விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழையது செல்லும்.

உண்மையில் நேரத்தைத் தின்பது கூடுதல் விவரம் கேட்டு ஆணையம் அனுப்பும் கடிதங்கள்தான். வெப்பக் கணக்கில் ஓர் அனுமானத்தை விளக்காமல் விட்டாலே போதும், கேள்வி போய்ப் பதில் வர மாதக்கணக்கில் இழுக்கும். அப்புறம், சேமிப்புக் கலச் சான்றிதழில் திருத்தம் என்றால் ஆணையத்தின் விதித்தொகுப்பில் உள்ள, ஒப்புதல் பெற்ற கலங்களின் பட்டியலையே திருத்தியாக வேண்டும். கட்டுரை அதைத் தொடவே இல்லை.