ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்றது போதைமருந்தா?

'ஜார்ஜ் ஃபிளாய்டு போதைமருந்தால்தான் செத்தார், போலீஸ்காரர் அப்பாவி' என்று ஒரு செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஃபிளாய்டு, அமெரிக்காவில் போலீஸ் பிடியில் இறந்த கறுப்பினத்தவர். அந்தச் செய்தி தவறு.

அவர் ரத்தத்தில் ஃபென்டனில் என்ற வீரியமான போதைமருந்து இருந்தது உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொல்கிறது. ஆனால் அதே அறிக்கை, போலீசார் அவரை அமுக்கிப் பிடித்து கழுத்தை அழுத்திய நிலையில் இதயமும் மூச்சும் நின்றதையே மரணக் காரணமாகச் சொல்கிறது. போதைமருந்தும் இதய நோயும் கூடுதல் காரணிகள், அவ்வளவுதான். மரண வகை: பிறர் செயலால் நேர்ந்த மரணம்.

2020 மே 25, மினியாபொலிஸ் நகரம். போலீஸ்காரர் டெரெக் ஷாவினின் முழங்கால் ஃபிளாய்டின் கழுத்தை 9 நிமிடம் 29 விநாடி அழுத்தியிருந்தது. அப்புறம் போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையில் முழங்கால் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 'மருத்துவப் பாதிப்பு' என்றுதான் இருந்தது. தெருவில் நின்ற 17 வயதுப் பெண் எடுத்த வீடியோதான் அதைப் பொய்யாக்கியது. அவள் இல்லையென்றால் அந்த அறிக்கையே நிலைத்திருக்கும் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சரி, நீதிமன்றம்? போதைமருந்து வாதத்தை ஜூரி முழுதாகக் கேட்டது. 2021 ஏப்ரலில் மூன்று குற்றச்சாட்டுகளிலும் ஷாவின் குற்றவாளி என்றது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டு. அந்த டிசம்பரில், ஃபிளாய்டின் சிவில் உரிமைகளை மீறியதாக மத்திய நீதிமன்றத்தில் ஷாவினே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.