ஒரே ஆண்டு, இரண்டு நாட்காட்டி
கலிலியோவின் ஆன்மாதான் நியூட்டனாகப் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரமாக "கலிலியோ மறைந்த 1642-லேயே நியூட்டன் பிறந்தார்" என்று சொல்வது இரண்டு நாட்காட்டிகளைக் கலந்ததால் வந்த வினை. கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் கிரிகோரியன் கணக்கு, அதாவது இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கு, அதாவது கிரிகோரியனுக்கு முந்தைய பழைய நாட்காட்டி. அங்கே 1752 வரை அதுதான் புழக்கம். 17-ஆம் நூற்றாண்டு ஜூலியன் தேதியோடு 10 நாள் கூட்டினால் கிரிகோரியன் தேதி வரும் (1700 பிப்ரவரிக்குப் பிறகு என்றால் 11). அப்படிப் பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. சரி, ஜூலியனிலேயே இருவரையும் வைப்போம் என்றாலும் கலிலியோவின் மறைவு 1641 டிசம்பர் 29-க்குப் போய்விடுகிறது! எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆண்டு ஒட்டவில்லை. ஆளுக்கொரு நாட்காட்டி வைத்தால்தான் 'ஆன்மா கைமாறியது' என்ற கதைக்கே இடம். ஷேக்ஸ்பியர், ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் இருவரும் 1616 ஏப்ரல் 23-இல் இறந்தார்கள் என்பதும் இதே ரகம். ஷேக்ஸ்பியருடையது கிரிகோரியனில் மே 3. அப்படியானால் கலிலியோ மறைந்த அதே தேதியில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார் என்பதும் கட்டுக்கதைதானா? இல்லை, 1942 ஜனவரி 8 சரியான தேதி. கலிலியோ மறைந்து சரியாக 300 ஆண்டு, இரண்டுமே கிரிகோரியன். ஆனால் அதே நாளில் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் எத்தனையோ ஆயிரம்.