தாய்லாந்தில் எந்தக் கடை என்று கேட்காதீர்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்

2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொன்னதிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "பேங்காக் போறோம், ஒரிஜினல் தாய் சாப்பாடு எங்க கிடைக்கும்? ஒரு நல்ல ரெஸ்டாரன்ட் பேர் சொல்லுங்க." நான் பெயர் சொல்வதில்லை. கர்வம் ஒன்றும் இல்லை, சொல்லிப் பயனில்லை, அவ்வளவுதான். ஒரே கடையில், ஒரே அடுப்பில், அதே அம்மா கையால் உங்களுக்கு ஒரு ருசியும் பக்கத்து மேசைக்காரருக்கு வேறொரு ருசியும் வருகிற ஊர் அது.

சோம் தம் தள்ளுவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பப்பாளியைச் சீவி, உரலில் பூண்டு, மிளகாய், பனைவெல்லம், எலுமிச்சை, மீன் சாறு எல்லாம் போட்டு இடித்துத் தருவார்களே, அது. வெளிநாட்டு முகம் தெரிந்ததும் அந்த அம்மாவின் கை தானாக மாறும். மிளகாய் குறையும், வெல்லம் கூடும், வேர்க்கடலையும் காய்ந்த இறாலும் தாராளமாக விழும். இதற்கு சோம் தம் தாய் என்று பெயர். இதுவும் நல்ல உணவுதான், பேங்காக் மக்களே விரும்பிச் சாப்பிடுவதுதான். ஆனால் உங்களுக்குப் பின்னால் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர் கேட்பது வேறு. பெரும்பாலும் அவர் ஈசான்காரராக இருப்பார். ஈசான் என்றால் லாவோஸை ஒட்டிய வடகிழக்குப் பகுதி. நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான், பேங்காக்கின் உழைப்பாளிகளில் பெரும்பகுதியும் அங்கிருந்து வந்தவர்கள்தான். சோம் தம்மே அவர்கள் பக்கத்துச் சரக்கு. அவருக்கு வேர்க்கடலை வேண்டாம், வெல்லம் வேண்டாம். ப்ளா ரா வேண்டும். ஆற்று மீனை உப்பும் தவிடும் கலந்து ஜாடியில் மாதக்கணக்கில் நொதிக்கவிட்ட பழுப்புச் சாறு அது. கூடவே உப்பில் ஊறிய குட்டி வயல் நண்டு, ஒரு கூடை ஒட்டரிசிச் சோறு. அந்தச் சோற்றைக் கையால் உருட்டித் தொட்டுத்தான் சாப்பிடுவார்கள். வாசனை தெருமுனை வரைக்கும் வரும். கருவாட்டுக் குழம்பு கொதித்த வீட்டில் வளர்ந்தவர்களை அது பயமுறுத்தாது. ஆனால் நீங்கள் கேட்காமல் அது உங்கள் தட்டுக்கு வராது. அந்த அம்மா உங்களை ஏமாற்றவில்லை, உங்கள் மேல் இரக்கப்படுகிறார்.

அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். சமைப்பவரையும் போர்டையும் விட்டுவிடுங்கள். ருசி தப்பினால் முகம் சுளித்து எழுந்து போகக்கூடிய ஆள் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். சீருடையோடு வந்த வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள், துணிக்கடைப் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆபீஸ் கூட்டம். இவர்கள் தினமும் வருகிற கடையில் சமையற்காரர் சோம்பேறித்தனம் பண்ண முடியாது. முதுகுப்பை மாட்டிய வெளிநாட்டுப் பயணிகள் குவியும் பேங்காக் தெருவான காவ் சான் ரோட்டில் இருப்பது நேர் எதிரான நிலைமை. அங்கே சாப்பிடுகிற யாரும் நாளைக்குத் திரும்பி வரப்போவதில்லை. கடைக்காரருக்கும் அது தெரியும்.

இங்கே ஒரு கூட்டம் வரும், 'அசல்' கூட்டம். பட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸ் சுற்றுலாப் பயணி தின்பது, தாம் யாம் என்ற புளிப்புக் கார சூப்பில் பால் ஊற்றினால் போலி, அப்படி இப்படி என்று பேசும். அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சோம் தம்மில் இருக்கும் பப்பாளி, மிளகாய், தக்காளி, வேர்க்கடலை நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. போர்த்துகீசியர் கப்பல் வருவதற்கு முன்னால் அந்த நாட்டில் காரம் என்றால் மிளகுதான். பட் தாயின் கதை இன்னும் சமீபத்தியது. சீனர்கள் கொண்டுவந்த நூடுல்ஸும் வாணலிச் சமையலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஃபீல்டு மார்ஷல் பிபூன் சோங்க்ராம் ஆட்சியில், தேசிய உணவாகத் தூக்கிப் பிடிக்கப்பட்டன. 1939இல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றியதும் அதே ஆட்சிதான். அரசியல் பிறப்பித்த உணவு என்பதால் ருசி குறைந்துவிடுமா? புளியும் பனைவெல்லமும் சரியாக விழுந்த பட் தாயை ஒரு சாதாரணத் தெருக்கடையில் சாப்பிட்டுப் பாருங்கள். தாம் யாமில் கெட்டிப் பால் ஊற்றிய வகைக்கு 'நாம் கொன்' என்று தனிப் பெயரே இருக்கிறது, தாய் மக்கள் ஆசையாகக் கேட்டு வாங்குகிறார்கள். அவர்கள் சாப்பிடுவதைப் போலி என்று சொல்ல நாம் யார்?

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. பட் கப்ராவ் என்று ஒன்று இருக்கிறது. பன்றியோ கோழியோ கொத்திய கறி, பூண்டு, மிளகாய், ஒரு பிடி இலை, ஐந்து நிமிட வதக்கல். சோற்றின் மேல் போட்டு ஓரம் மொறுமொறுக்கப் பொரித்த முழு முட்டையோடு தருவார்கள். என்ன சாப்பிடுவது என்று தெரியாத மத்தியானத்தில் பாதி நாடு இதைத்தான் கேட்கும். அந்த இலை துளசி. நம் வீட்டு மாடத்தில் இருக்கும் அதே தாவர இனம்தான், ரகம் மட்டும் கொஞ்சம் வேறு. சூடான எண்ணெயில் விழும்போது மிளகும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு வாசம் எழும். இந்த உணவே அந்த இலைக்காகத்தான். ஆனால் வெளிநாட்டு உணவகங்கள் பலவற்றில் இதற்குப் பதிலாக ஹொரபாவைப் போடுகிறார்கள். அது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம், இனிப்பு வாசம். பச்சைக் குழம்புக்கு (கிரீன் கறி) அருமையான இலை, இங்கே பொருந்தாது. துளசிச் செடிக்குப் பஞ்சமே இல்லாத சென்னையிலும் எனக்கு அந்தத் தட்டு வந்தது. கூடவே வெங்காயம், குடமிளகாய், சோளமாவில் கெட்டியாக்கிய ஒரு சாஸ். கடை பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் அப்படித்தான் இருக்கிறது.

வெளிநாட்டுத் தாய் உணவகங்கள் ஏன் ஒரே அச்சில் இருக்கின்றன என்பதற்கு ஒரு பாதிக் காரணம் அரசாங்கத்திலேயே இருக்கிறது. 2002இல் 'குளோபல் தாய்' என்று ஒரு திட்டம் போட்டு, உலகம் முழுக்கத் தாய் உணவகங்களைப் பெருக்கினார்கள். வர்த்தக அமைச்சகம் 'தாய் செலக்ட்' என்று முத்திரையும் தருகிறது. புத்திசாலித்தனமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதனால் ஒரு நாட்டின் சமையல் என்பது பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு, பட் தாய், தாம் யாம் என்று நாலைந்து வரிக்குள் சுருங்கிப்போனது. அந்த வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு பேங்காக்கில் இறங்குகிறோம், அதையே தேடுகிறோம்.

அதை விட்டு வெளியே வர எளிய வழி காவ் கேங் கடை. காலையிலேயே பத்து இருபது தட்டுகளில் குழம்பும் வதக்கலும் வறுவலும் செய்து வரிசையாக வைத்திருப்பார்கள். மெனு கிடையாது, மொழி தேவையில்லை. விரலால் காட்டினால் போதும், சோற்றின் மேல் இரண்டு மூன்று வகை விழும். சாதாரணக் கடையில் ஐம்பது அறுபது பாட் ஆகும். ஒரு பாட் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய் வரை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தென் தாய்லாந்துக்காரர் நடத்தும் கடையாக இருந்தால் விடாதீர்கள். மஞ்சளும் புளிப்பும் தூக்கலாக ஒரு மீன் குழம்பு வைப்பார்கள், கேங் சோம். அதன் காரம் நம் ஊர்க்காரரையே நிமிர்ந்து உட்கார வைக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், பதினோரு மணிக்குப் போங்கள். இரண்டு மணிக்குப் போனால் தட்டுகள் வழித்து வைத்திருக்கும்.

சோற்றுக்கு ஸ்பூனும் முள்கரண்டியும். ஸ்பூன்தான் வாய்க்குப் போகும், முள்கரண்டி தள்ளிக் கொடுப்பதற்கு. சாப்ஸ்டிக் குச்சிகள், நூடுல்ஸ் கிண்ணத்துக்கு மட்டும். நூடுல்ஸ் மேசையில் சர்க்கரை, மிளகாய்த்தூள், வினிகரில் ஊறிய மிளகாய், மீன் சாறு என நாலு டப்பா நிற்கும். சமையற்காரர் பாதிதான் முடித்துத் தருகிறார், மீதியை நீங்கள் முடிக்க வேண்டும். ஒன்றும் போடாமல் சாப்பிட்டுவிட்டு "சப்புன்னு இருந்துச்சு" என்று விமர்சனம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

இன்னொரு எரிச்சல் மேக்லாங். ரயில் தண்டவாளத்தின் மேலேயே கடை விரித்திருக்கும் சந்தை, ரயில் வரும்போது கூடாரத்தை மடக்கி, போனதும் விரிப்பார்களே, அந்த வீடியோவைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பேங்காக்கிலிருந்து வேன் வேனாகப் போகிறார்கள். ரயிலைப் படம் பிடிக்கிறார்கள், இளநீர் குடிக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் காலடியில் வட்ட மூங்கில் கூடைகளில் தலை வளைந்த சின்ன மீன்கள் அடுக்கியிருக்கும். அது ப்ளா தூ, நம் கானாங்கெளுத்தியின் நெருங்கிய சொந்தம். கூடைக்குள் அடங்குவதற்காகக் கழுத்தை மடக்கி ஆவியில் வேகவைப்பார்கள். மேக்லாங் ப்ளா தூவுக்கு நாடு முழுக்கப் பெயர். அதைப் பொரித்து, இறால் விழுதும் மிளகாயும் பூண்டும் எலுமிச்சையும் இடித்த நாம் ப்ரிக் கபி என்ற துவையலோடு, பச்சையும் வேகவைத்ததுமாகக் காய்களை வைத்துச் சோற்றுடன் சாப்பிடுவதுதான் அந்த மக்களின் வீட்டுச் சாப்பாடு. அதன் பிறந்த இடத்துக்கே போய் நின்றுகொண்டு ரயிலை மட்டும் பார்த்துவிட்டு வருவதை என்னவென்று சொல்வது!

விருதுக் கடைகள் பற்றிக் கேட்பீர்கள். டயர் கம்பெனியான மிஷலின் வெளியிடும் உணவகக் கையேடு பேங்காக்குக்கு வந்தது 2017 டிசம்பரில். ஜே ஃபாய் என்ற மூதாட்டி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் பொரிப்பவர், நட்சத்திரம் வாங்கினார். அவர் கை பொய்யில்லை. ஆனால் வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அந்தத் தெருக்காரர்கள் என்று பாருங்கள். ஆம்லெட் விலையும் ஆயிரம் பாட்டைத் தாண்டிவிட்டது. மிஷலினுக்கு நெடுங்காலம் முன்பே, 1961இல், ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் எம்.ஆர். தனட்ஸ்ரீ என்ற உணவு எழுத்தாளர் ஆரம்பித்த 'ஷெல் சுவான் சிம்' என்ற பரிந்துரை அங்கே பிரபலம். பழைய கடைகளில் கிண்ணம் வரைந்த போர்டு தொங்கும். டயர் கம்பெனியின் சிபாரிசைவிட எண்ணெய்க் கம்பெனியின் சிபாரிசை நான் நம்புவதற்குக் காரணம், அது அந்த மக்களுக்காக அவர்கள் மொழியில் எழுதப்பட்டது. இப்போது அந்த வேலையை வோங்னாய் என்ற செயலி செய்கிறது. கூகுள் மேப்பில்கூட உணவின் பெயரைத் தாய் எழுத்தில் ஒட்டித் தேடிப் பாருங்கள், வேறு கடைகள் எட்டிப் பார்க்கும்.

சைவர்களுக்குச் சிரமம்தான், மழுப்பவில்லை. காய்கறி வதக்கலிலும் மீன் சாறு விழும். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 என்ற எண் மாதிரி ஓர் எழுத்து தெரிந்தால் அது 'ஜே' கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. சீன வம்சாவளியினரின் ஒன்பது நாள் சைவ விழா செப்டம்பர் அக்டோபர் வாக்கில் வரும். அப்போது போனால் பேங்காக்கின் சைனாடவுனான யாவராத் முழுக்க மஞ்சள் கொடிதான்.

தாய் உணவு மட்டுமில்லை, மற்ற நாட்டுச் சாப்பாட்டுக்கும் என் அளவுகோல் பேங்காக்கில் அப்படியே வேலை செய்கிறது. சுகும்வித் சாலையின் மூன்றாம் சந்து (சோய் மூன்று) பக்கம் அரபு உணவகங்கள் ஏன் அவ்வளவு நன்றாக இருக்கின்றன? பக்கத்தில் பும்ருங்ராட் மருத்துவமனை. வளைகுடா நாடுகளிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குகிற பாட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது யார் கலப்படச் சமையல் செய்ய முடியும்? அசோக் பக்கம் சுகும்வித் பிளாசாவில் கொரியர்கள், தோங் லோவில் ஜப்பானியர்கள். பாஹுராத்தில் குருத்வாராவைச் சுற்றிச் சீக்கியத் துணி வியாபாரிகள், அதனால் அங்கே பஞ்சாபிச் சாப்பாடு நன்றாக இருக்கும், இட்லி தேடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் போனால் தென்னிந்தியக் கடைகள் உண்டு. ஆனால் டூர் பேக்கேஜில் இரண்டு வேளையும் 'இண்டியன் பஃபே' என்று பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் போடுகிறார்களே, அங்கே சாப்பிடுபவர் யாருக்கும் தட்டைத் திருப்பி அனுப்பும் உரிமை இல்லை. பணம் சென்னையிலேயே கட்டியாகிவிட்டது. பனீர் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

"வயிறு கெட்டுப்போனா?" என்று கமென்ட் வரும். கூட்டம் அதிகமாக இருக்கும் கடையில், கண்ணெதிரே சூடாகச் செய்வதைச் சாப்பிடுங்கள். ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்திச் செய்யும் கொய் ப்ளாவை மட்டும் தொடாதீர்கள், அதில் ஈரல் புழு உண்டு, அந்த நாட்டு அரசே தன் மக்களைப் பல காலமாக எச்சரித்து வருகிறது. ப்ளா ரா கேட்கும்போதும் காய்ச்சியது கேளுங்கள். ஊறிய நண்டு வயிற்றுக்குச் சரிப்படாது என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், திங்கட்கிழமை தெருச் சாப்பாட்டு உலா என்று திட்டம் போடாதீர்கள். பல வண்டிகள் அன்றைக்கு வராது. கடைசி நாள் சுவர்ணபூமி விமான நிலையத்தில் மேல்தளக் கடைகளில் பர்கருக்கு முன்னூறு பாட் கொடுப்பதற்கு முன்னால், முதல் தளத்துக்கு இறங்குங்கள். கூப்பன் வாங்கிச் சாப்பிடும் ஓர் உணவுக்கூடம் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர்களும் டாக்ஸிக்காரர்களும் பெட்டி தூக்குபவர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். மிச்சக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்தால் காசு தந்துவிடுவார்கள்.